கிட்டார் நெக்கில் ரிலீஃப்: ட்ரஸ் ராடு மீது பழி போடும் முன்

கிட்டார் நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) முழுக்க நேராக இருக்கக் கூடாது. மீட்டும்போது தந்தி நடுப்பகுதியில்தான் அகலமாக அதிர்கிறது. அதற்கு இடம் கிடைக்க நெக் துளியளவு முன்பக்கம் குழிந்திருக்க வேண்டும். இதுதான் ரிலீஃப். சுருதி சேர்த்த நிலையில் முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கேபோ, அதாவது தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி, மாட்டி, நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, 7ஆம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு 0.15 முதல் 0.25 மி.மீ. வரை பொதுவாகப் பொருந்தும். இந்த அளவு அமையாமல் போனால் எல்லோரும் ட்ரஸ் ராடைத்தான் (நெக்கின் உள்ளே ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) திருகுகிறார்கள். புதிதாகச் செய்த நெக் என்றால் கோளாறு பெரும்பாலும் அதற்கு முந்தைய மரவேலையில் இருக்கும்.

நெக்கைச் செதுக்கிய கையோடு ஃப்ரெட் அடிக்காதீர்கள். மரத்தைக் கழிக்கக் கழிக்க உள்ளே இருந்த இறுக்கம் விடுபட்டு நெக் நகரும். 2 மி.மீ. கூடுதலாக விட்டுச் செதுக்கி, ஓரிரு வாரம் ஆறப்போட்டு, பிறகு இறுதி அளவுக்கு வாருங்கள். ஃபிங்கர்போர்டை (நெக்கின் மேல் ஒட்டி, ஃப்ரெட் பதிக்கும் பலகை) நேராக்குவது அதற்கும் பிறகுதான். மெலிதான நெக் வேண்டும் என்ற ஆசையிலும் கணக்கு வேண்டும்: முதல் ஃப்ரெட்டில் மொத்தம் 21 மி.மீ. என்றால், ஃபிங்கர்போர்டு 6, ராடு பள்ளம் 10 போக, கீழே மிஞ்சுவது 5 மி.மீ. மரம்தான். 18க்கு இறக்கினால் 2 மி.மீ.; ராடை முறுக்கும்போது பின்பக்கம் பிளக்கலாம்.

அதிகம் கெடுவது ஃப்ரெட் பள்ளத்தில். ஃப்ரெட் கம்பியில் பள்ளத்துக்குள் இறங்கும் அடிப்பகுதி, அதாவது அதன் கால், பெரும்பாலும் 0.5 மி.மீ. தடிப்பு; அதன் பக்கவாட்டு முட்கள் மரத்தைக் கவ்வும். இதற்குப் பள்ளம் 0.58 மி.மீ. அகலம் சரி. அதைவிடக் குறுகினால் 22 ஃப்ரெட்டும் 22 ஆப்பு போல மரத்தை நெம்பி, நெக்கைப் பின்னோக்கி வளைத்துவிடும். ஒருவழி ட்ரஸ் ராடால் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனெனில் அது தந்தியின் இழுப்பை எதிர்க்க மட்டுமே உதவும். பள்ளம் அகன்றுவிட்டாலோ ஃப்ரெட் பிடிக்காது, முனைகள் எழும், தந்தி இழுப்பில் நெக் அளவுக்கு மீறிக் குழியும். அதே மரத்தின் துண்டில் ஏழெட்டுப் பள்ளம் அறுத்து, ஃப்ரெட் அடித்து, நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்துவிட்டு நெக்கில் கை வையுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று பள்ளத்தின் ஆழம். தட்டையான பலகையில் அறுத்துவிட்டுப் பிறகு 305 மி.மீ. ஆர வளைவு தேய்த்தால், 56 மி.மீ. அகலப் பலகையின் ஓரத்தில் சுமார் 1.3 மி.மீ. மரம் போய்விடும், ஓரத்தில் பள்ளத்தின் ஆழமும் அவ்வளவு குறையும். ஃப்ரெட்டின் கால் பள்ளத்தின் அடியில் முட்டி, முனை உட்காராது. எவ்வளவு சுத்தியலால் தட்டினாலும் பயனில்லை; ரம்பத்தால் மீண்டும் ஆழப்படுத்த வேண்டும். ஃப்ரெட் கம்பியைப் பலகையைவிடச் சற்றுக் கூடுதலாக வளைத்து, முனைகளை முதலில் தட்டி, நடுவைக் கடைசியாக இறக்குங்கள். பள்ளத்தின் விளிம்பை முக்கோண அரத்தால் லேசாக மழுக்கினால், பின்னாளில் ஃப்ரெட்டைப் பிடுங்கும்போது மரம் சில்லு சில்லாகப் பெயராது. கருங்காலியில் இது கட்டாயம்.

பலகையைத் தேய்க்கும்போது ராடு தளர்வாக, நெக் நேராக இருக்கட்டும். குட்டிக் கட்டையால் தேய்த்தால் மேடு பள்ளம் அப்படியே தங்கும். நீளக் கட்டை வேண்டும்.

ஃப்ரெட்டுகளைச் சமன்படுத்தும் முன் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் முதலில் ஒட்டுங்கள். அசையும் ஃப்ரெட்டை அரத்தால் தேய்த்தால், அது அழுந்தியபடி தேய்ந்து, பிறகு எழும்பி, தந்தி அதில் உரசிக் கரகரப்பு வரும்.

கடைசியாக ராடு. தந்தி உயரம் அதிகமென்று ராடைத் திருகக் கூடாது. உயரம் சேடிலிலும் (உடல் பக்கத்துத் தந்தி தாங்கி) நட்டிலும் (தலைப் பக்கத்துத் தந்தி தாங்கி) சரிசெய்ய வேண்டியது. தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி, கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருகி, மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். 10–46 தந்திக் கட்டு (0.010 முதல் 0.046 அங்குலத் தடிப்பு) 648 மி.மீ. ஸ்கேலில், அதாவது நட்டுக்கும் சேடிலுக்கும் இடைப்பட்ட தந்தி நீளத்தில், மொத்தம் ஏறத்தாழ 46 கிலோ இழுக்கிறது. புது நெக் அதற்குப் பழக ஒரு நாள் விட்டு மீண்டும் அளந்த பிறகே நட்டை அரத்தால் தொடுங்கள்.