ஒரு ஆட்டம்கூட ஆடாத அணி: ஆல் ஆஸ்திரேலியன் 22 பேரை நீங்களே தேர்ந்தெடுங்கள்

ஆகஸ்ட் கடைசி வந்துவிட்டால் ஃபுட்டி (ஆஸ்திரேலியாவின் தனிவகைக் கால்பந்து) ரசிகர்களுக்குப் பேச்சு ஒன்றுதான்: ஆல் ஆஸ்திரேலியன் அணியில் யாருக்கு இடம், யாருக்கு நாமம்? அந்த ஆட்டத்தின் பெரிய போட்டித் தொடரான ஏ.எஃப்.எல். லீக்கின் 18 கிளப்களிலும் அந்தப் பருவத்தில் நன்றாக ஆடிய 22 பேரைத் தேர்வுக்குழு அறிவிக்கும். அவர்கள் ஒன்றாகக் களமிறங்கப் போவதில்லை. போட்டுக்கொள்ள ஒரு கோட்டு, ஒரு கௌரவம், அவ்வளவுதான். ஆனாலும் சண்டை ஓயாது. நாமும் ஒரு அணி போட்டுப் பார்க்கலாம்.

1. எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

செப்டம்பர் இறுதிச் சுற்றுகள் கணக்கில் வராது. அதற்கு முன் ஒவ்வொரு கிளப்பும் ஆடும் 23 ஆட்டங்கள்தான் கணக்கு. போன வருடப் புகழுக்கும் மதிப்பில்லை. காயத்தால் பாதியில் விலகியவரை என்ன செய்வது? நட்சத்திர மிட்ஃபீல்டர் கேரி ஆப்லெட் ஜூனியர் 2014 ஜூலையில் தோள்பட்டை அடிபட்டு வெளியேறினார். அந்த வருடமும் அவருக்கு இடம் கிடைத்தது. 2007 தொடங்கி அது தொடர்ந்து எட்டாவது முறை. விடுபட்ட ஆட்டங்களை மறக்கடிக்கும் அளவுக்கு ஆடியிருந்தால் சேர்க்கலாம் என்பது என் கணக்கு.

2. காகிதத்தில் ஒரு முட்டை வரையுங்கள்

மைதானம் அந்த வடிவம்தான். குறுக்கே ஐந்து வரிசை, வரிசைக்கு மூன்று பேர்: பின்வரிசை, ஹாஃப் பேக், நடுவரிசை (நடுவில் சென்டர், இரு ஓரமும் விங்), ஹாஃப் ஃபார்வர்ட், முன்வரிசை. பந்தோடு சுற்றித் திரிய மூவர்: மேலே வரும் பந்தைத் துள்ளித் தட்டிவிடும் நெட்டையரான ரக், அதை எடுத்துக்கொண்டு ஓடும் ரக் ரோவர், ரோவர். மொத்தம் 18. வெளியே, மாற்றி இறக்குவதற்கான இன்டர்சேஞ்ச் பெஞ்சில் நால்வர்.

3. பின்னாலிருந்து நிரப்புங்கள்

புதியவர்கள் எல்லோரும் கோல் போடுபவரிடம்தான் முதலில் ஓடுவார்கள். வேண்டாம். பின்வரிசையின் நடுவில் நிற்கும் ஃபுல் பேக்கின் வேலை எண்களில் எளிதில் தெரியாது. அவர் பந்தைத் தொட்டதே குறைவாக இருக்கும். ஆனால் எதிரணியின் பெரிய ஃபார்வர்ட் அன்று வெறுங்கையோடு போயிருப்பார். எதிரிக்கு வந்த பந்தை இடையில் புகுந்து எத்தனை முறை மார்க் (உதைத்த பந்தைத் தரையில் படாமல் பிடிப்பது) பிடித்தார், பிடிக்க முடியாதபோது எத்தனை முறை குத்தித் தள்ளினார் என்று பாருங்கள். நெட்டையர்களாகவே ஆறு பேரை அடுக்கிவிடாதீர்கள். குட்டி ஃபார்வர்ட்களைத் துரத்தவும், பந்தைத் தூக்கிக்கொண்டு முன்னே ஓடவும் ஆள் வேண்டும்.

4. முன்வரிசை

இது சுலபம். நடுவிலுள்ள இரு உயரக் கம்பங்களுக்கிடையே உதைக்கும் கோலுக்கு 6 புள்ளி, பக்கத்துக் கம்பத்துக்கு உள்ளே போகும் பிஹைண்டுக்கு 1. அதிகக் கோல் அடித்து கோல்மன் மெடல் வாங்குபவர் முன்வரிசை நடுவிலுள்ள ஃபுல் ஃபார்வர்ட் இடத்தில் ஏறக்குறைய உறுதி. அவருக்கு இருபுறமும் உள்ள பாக்கெட்டில் ஒருவராவது, பெரியவர்கள் மேலே மோதும்போது கீழே சிதறும் பந்தைப் பொறுக்குபவராக இருக்கட்டும்.

5. நடுவரிசை: வழுக்கும் இடம்

லீக்கின் பெரிய நட்சத்திரங்கள் பலர் மிட்ஃபீல்டர்கள். நடுவர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று வாக்களிக்கும் பிரவுன்லோ மெடலும் பெரும்பாலும் அவர்களுக்கே போகிறது. ஆனால் சென்டர், ரக் ரோவர், ரோவர் என்று இடம் மூன்றுதான். மிஞ்சியவர்களை விங்கிலும் ஹாஃப் ஃபார்வர்டிலும் திணிக்கக் கை துறுதுறுக்கும். தேர்வுக்குழுவே இதைச் செய்து திட்டு வாங்கியதுண்டு. என்னைக் கேட்டால் அது அழுகுணி ஆட்டம். பருவம் முழுக்க ஓரக்கோட்டை ஒட்டி நுரை தள்ள ஓடியவனுக்குத்தான் விங். மிட்ஃபீல்டர் மிஞ்சினால் பெஞ்ச் இருக்கிறதே! அதிலும் இடம் போதாவிட்டால், சரி, மனதைக் கல்லாக்கிக்கொண்டு பெயரை அடித்துவிடுங்கள்.

6. கேப்டன்

கிளப்பில் கேப்டனாக இருப்பவர்தான் வேண்டும் என்பதில்லை. 2018-இல் இந்த அணிக்கு கேப்டன் லான்ஸ் ஃபிராங்க்ளின். அவருடைய சிட்னி கிளப்புக்கு அப்போது வேறொருவர் கேப்டன்.

தேர்வுக்குழு முதலில் 44 பேர் பட்டியலை வெளியிடும். அதைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் அணியைத் தேதி போட்டு யாருக்காவது அனுப்பிவிடுங்கள். வந்தபிறகு "நானும் அவரைத்தான் நினைத்தேன்" என்று சொல்ல ஊரில் ஆள் ஏராளம்.