கடைமடையில் ஒரு போர்ட்டல் திறப்பது எப்படி

கேமை வைத்துக் கதை எழுதும்போது அதன் விதியில் கைவைக்காதீர்கள். ஊரை மட்டும் மாற்றுங்கள். 2007இல் வால்வ் வெளியிட்ட 'போர்ட்டல்' கேமில், தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு சுவர்களில் ஆளுக்கொரு வாசல் திறந்து இரண்டையும் இணைக்கலாம்; ஒரு வாசலில் நுழையும் வேகத்திலேயே மறு வாசலில் வெளியே வருவோம். முதல் வாசலை மேட்டூர் அணையின் அடியில் வையுங்கள். மற்றதை எங்கள் கடைமடை ஊரான தலைஞாயிறின் மதகுச் சுவரில். சம்பாவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று கதையை முடித்துவிடாதீர்கள். கணக்குப் போடுங்கள். அணை 120 அடி நிரம்பியிருந்தால், நீர் மணிக்கு ஏறக்குறைய 95 கிலோமீட்டர் வேகத்தில் பீறிடும். பயிர், வரப்பு எதுவும் மிஞ்சாது. அறிவியல் புனைவு எனக்குப் பிடிப்பதே இந்த இடத்தில்தான்.

காலில் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் நாயகி செல், கேமில் வாய் திறப்பதே இல்லை. நீங்களும் பேசவைக்காதீர்கள். அவள் உடைப்பை அடைக்க ஓடட்டும், பேசுவதற்கு என் அப்பாயி மாதிரி ஒருவரை வரப்பில் நிறுத்துங்கள்: "ஏம்மா, கால்ல என்ன ஸ்பிரிங்கு? சேத்துல பொதைஞ்சிரும், கழட்டு!"