பென் பெரியப்பா சொல்லாத வசனம்: ஸ்பைடர்மேன் வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காமிக்ஸ் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்கள் சிலர், வெளியிடும் முன் ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லி எனக்குக் கட்டுரை அனுப்புவதுண்டு. முதல் கட்டுரை பெரும்பாலும் ஸ்பைடர்மேனைப் பற்றித்தான் இருக்கும். பள்ளிக்கூடப் பையன், கூச்ச சுபாவம், காசுக்குத் தட்டுப்பாடு, திடீரென்று கிடைத்த சக்தி. அந்த வயதைக் கடந்து வந்த யாருக்கும் பீட்டர் பார்க்கர் மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

போன மாதம் மூன்று கட்டுரைகள் வந்தன. மூன்றிலும் ஒரே தவறு, ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில். எழுத வந்த புதிதில் நானே செய்த தவறு அது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லும்போது கூடவே நிற்கும் மற்ற சிலவும் வந்து சேர்ந்துவிட்டன. எழுத்துப்பிழை, இதழ் எண் மாறிப்போவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது ஒருவர் கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்.

"முதல் பதின்வயது சூப்பர்ஹீரோ" என்று தொடங்குவது

இல்லை. பேட்மேனோடு ராபின் வந்தது 1940இல். கேப்டன் அமெரிக்காவோடு பக்கி வந்தது 1941இல். பில்லி பேட்சன் என்ற சிறுவன் 'ஷஸாம்' என்று சொல்லிக் கேப்டன் மார்வெலாக மாறியதும் 1940இல்தான். அவ்வளவு தூரம் போவானேன்? ஸ்பைடர்மேனுக்கு முந்தைய வருடம், 1961இல், அதே மார்வெல் பதிப்பகத்தின் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழில் வந்த ஜானி ஸ்டார்மும் பதின்வயதுப் பையன்தான்.

அப்படியானால் பீட்டரிடம் எது புதிது? ராபினுக்கும் பக்கிக்கும் மேலே ஒரு பெரியவர் இருந்தார். ஜானிக்குக் கூடவே அக்கா இருந்தாள். பில்லியோ சக்தி வந்ததும் வளர்ந்த ஆணாகிவிடுவான். பீட்டருக்கு வழிகாட்டி இல்லை, குழு இல்லை. முகமூடி போட்டாலும் உள்ளே இருப்பது அதே பையன். கட்டுரையில் எழுத வேண்டியது இதைத்தான். 'முதல்' என்ற சொல்லைத் தூக்கிவிட்டால் கட்டுரைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

படைப்பாளி ஒருவர் என்று எழுதுவது

எழுத்தாளர் ஸ்டான் லீயின் பெயரை மட்டும் போட்டு முடித்துவிடுகிறார்கள். 1962இல் ஸ்பைடர்மேன் அறிமுகமான 'அமேசிங் ஃபேன்டசி' 15ஆம் இதழின் கதையை வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. அந்த உடை, கண்ணுக்குப் பெரிய வெள்ளைத் திரை வைத்து முகம் முழுவதையும் மூடும் அந்த முகமூடி, எல்லாம் அவர் கைவண்ணம். அட்டைக்கும் டிட்கோ ஒரு படம் வரைந்தார். அது நிராகரிக்கப்பட்டு, இன்னொரு மார்வெல் ஓவியரான ஜாக் கிர்பி பென்சிலில் வரைந்து டிட்கோ மையிட்ட படம் அட்டையானது.

கிர்பியின் பங்கு இன்னொன்றும் உண்டு. டிட்கோவுக்கு முன் கதையை வரையத் தொடங்கியவர் அவர்தான். சில பக்கங்கள் வரைந்த பிறகு, பையன் மிகவும் வீரதீரமாகத் தெரிகிறான் என்று லீ அதை நிறுத்திவிட்டார். டிட்கோ பிற்பாடு எழுதியபடி, அந்தப் பக்கங்களில் ஒரு பையன் மாய மோதிரத்தால் ஸ்பைடர்மேனாக மாறுகிறான். பில்லி பேட்சன் பாணியேதான். அந்தப் பக்கங்கள் அச்சேறியிருந்தால் இன்று நமக்குத் தெரிந்த பீட்டர் இருந்திருக்கமாட்டான். இந்த ஒரு திருப்பத்தைச் சொல்லாமல் தோற்றக் கதை எழுதுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

இன்னொன்று. அன்று மார்வெலில் வேலை நடந்த முறையையும் மறக்கக் கூடாது. எழுத்தாளர் சுருக்கமாகக் கதையைச் சொல்வார். ஓவியர் கட்டம் கட்டமாக அதை விரித்து வரைவார். வசனம் அதற்குப் பிறகுதான் எழுதப்படும். ஆக, ஓவியரும் கதைசொல்லிதான். 1965 வாக்கில் கதையமைப்புக்கு டிட்கோவின் பெயர் இதழிலேயே அச்சாகத் தொடங்கியது.

'பென் மாமா'

பீட்டரை வளர்த்த பென் அவனுக்கு மாமா அல்ல, அப்பாவின் அண்ணன். பெரியப்பா. பார்க்கர் என்ற குடும்பப் பெயரே சொல்லிவிடுகிறது.

முதல் 11 பக்கங்களைப் படிக்காமல் எழுதுவது

நான் சொல்ல வந்த தவறு இதுதான்.

போன மாதம் வந்த மூன்று கட்டுரைகளிலும் கதை இப்படிப் போனது: பென் பெரியப்பா பீட்டரை உட்கார வைத்து, 'பெரும் சக்தியோடு பெரும் பொறுப்பும் வரும்' என்று புத்தி சொல்கிறார். பீட்டர் கேட்கவில்லை. மல்யுத்தப் போட்டி நடத்தியவன் பேசிய பணத்தைத் தராமல் ஏமாற்றுகிறான். அந்தக் கோபத்தில், ஓடிவரும் திருடனைப் பீட்டர் தடுக்காமல் விடுகிறான். அன்றிரவே அந்தத் திருடன் பெரியப்பாவைக் கொன்றுவிடுகிறான். மூன்றிலும் இதற்கு மேலே போட்டிருந்த ஆண்டு 1962.

இது 1962இன் கதை அல்ல. 2002இல் வந்த திரைப்படத்தின் கதை.

1962இல் அச்சான கதை மொத்தம் 11 பக்கம். அதில் பென் பெரியப்பா வருவதே சில கட்டங்களில்தான். காலையில் பீட்டரை எழுப்புகிறார். இவனுக்கு ரொம்ப ஊட்டாதே, மல்யுத்தத்தில் இவனை ஜெயிப்பது ஏற்கெனவே கஷ்டமாக இருக்கிறது என்று மனைவியிடம் கேலி பேசுகிறார். பாசமான மனிதர். அறிவுரை என்று ஒரு வரிகூட அவர் வாயில் இல்லை.

மல்யுத்தத்திலும் யாரும் பீட்டரை ஏமாற்றவில்லை. மூன்று நிமிடம் மேடையில் தாக்குப்பிடித்தால் 100 டாலர் என்பது அறிவிப்பு. ஜெயிக்கிறான், பணம் கிடைக்கிறது, பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தொலைக்காட்சிக்கே கூப்பிடுகிறார். உடையும் வலைபீச்சும் கருவியும் தயாராகின்றன, நிகழ்ச்சியில் கைதட்டல் அள்ளுகிறது. அந்தக் கைதட்டல் காதில் இருக்கும்போதுதான் தாழ்வாரத்தில் திருடன் ஓடுகிறான். பின்னால் துரத்திவந்த காவலர் பிடிக்கச் சொல்லிக் கத்துகிறார். பீட்டர் ஒதுங்கி நிற்கிறான். இனிமேல் நான் என்னை மட்டும்தான் பார்த்துக்கொள்வேன் என்கிறான். லிஃப்ட் கதவு மூடிக்கொள்கிறது.

அப்புறம் நாட்கள் ஓடுகின்றன. புகழ் வளர்கிறது. ஒருநாள் இரவு வீடு திரும்பினால் வாசலில் காவல்துறை வண்டி. வீடு புகுந்த கொள்ளையன் பெரியப்பாவைச் சுட்டுவிட்டான். அவன் ஒரு பழைய கிடங்கில் பதுங்கியிருக்கிறான் என்று கேட்டுப் பீட்டர் அங்கே போகிறான், பிடிக்கிறான், முகத்தைப் பார்க்கிறான். அன்று விட்ட அதே ஆள். கடைசிக் கட்டத்தில் பையன் இருட்டுக்குள் நடந்து போகிறான். பெரும் ஆற்றலோடு பெரும் பொறுப்பும் வந்தாக வேண்டும் என்ற வரி அங்கேதான் வருகிறது. அதைச் சொல்வது கதைசொல்லி. கட்டத்தின் மேலே உள்ள பட்டையில், யாருடைய வாயிலிருந்தும் வராமல், அச்சாகியிருக்கிறது.

வசனம் யார் சொன்னால் என்ன என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கதையின் பொருளே மாறிப்போகிறது. பெரியப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டால், பீட்டர் பெரியவர் பேச்சைக் கேட்காத பையன் ஆகிறான். ஏமாற்றப்பட்டவன் என்று வைத்தால், அவன் ஒதுங்கி நின்றதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. 1962இன் பீட்டருக்கு இரண்டும் இல்லை. யாரும் எச்சரிக்கவில்லை, அந்த வேளையில் யாரும் அவனுக்குக் கெடுதல் செய்யவும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்த நேரத்தில், அடுத்தவன் பாடு எனக்கென்ன என்று நின்றுவிட்டான். பதினைந்து பதினாறு வயதில் அந்த இடத்தில் நின்றிருக்காதவர் யார்? படிக்கிறவர் மனத்தை அந்தக் கதை பிசைவதே அதனால்தான். அறுபது வருடமாக அது செத்துப்போகாமல் இருப்பதும் அதனால்தான் என்று நம்புகிறேன்.

திரைப்படத்தைக் குறை சொல்லவில்லை. கார் நிற்கும் அந்தக் காட்சியில் பெரியப்பா பேசும்போது எனக்கும் தொண்டை அடைத்தது. பிற்காலக் காமிக்ஸ் கதைகளும் அந்த வரியை அவருடைய வாக்காகவே ஏற்றுக்கொண்டுவிட்டன. அது பரிணாமம், அதுவும் எழுத வேண்டிய விஷயம். ஆனால் பின்னால் வந்ததை முன்னால் தூக்கி வைத்தால் பரிணாமம் எங்கே தெரியும்?

என் கதைக்கு வருகிறேன். ஒரு சிற்றிதழில் ஆறு பகுதித் தொடர் எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். முதல் பகுதியில் அந்த வரியைப் பெரியப்பா வாயில் வைத்து, 'மூத்தோர் சொல் வார்த்தை அமிர்தம்' என்று கொன்றைவேந்தனைச் சேர்த்து அழகாக முடித்திருந்தேன். அதைத் தொடர்ந்த பகுதிகளும் அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நின்றன: மூத்தவர் சொல், அதை மீறும் இளையவன், பிராயச்சித்தம். முதல் பகுதி அச்சாகி வந்த வாரம் ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருந்தார். ஒரே வரி. "நீங்கள் சொல்லும் வசனம் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது?"

தேடினேன். கையில் மறுபதிப்பு இருந்தது. வாங்கி வைத்திருந்தேனே தவிர, தெரிந்த கதைதானே என்று பிரித்துப் படித்திருக்கவில்லை. 11 பக்கத்தைப் படிக்கக் கால் மணிநேரம் ஆகவில்லை. எழுதி முடித்திருந்த நான்கு பகுதிகளைக் கிழித்துப்போட்டுத் திரும்ப எழுத இரண்டு மாதம் ஆனது. திருத்தக் குறிப்பு ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் வந்தது. அதை யாரும் படிக்கவில்லை. என் பழைய பத்தியை அப்படியே எடுத்துப் போட்ட கட்டுரைகளைப் பிறகு பார்த்தேன். இப்போது வருகிற புதியவர்கள் சிலர் அந்தக் கட்டுரைகளிலிருந்துதான் எடுக்கிறார்கள். நான் விதைத்ததே சுற்றி என் மேசைக்குத் திரும்பி வருகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் இவ்வளவு எரிச்சல்.

ஒரு காகிதத்தை நெடுக்காக மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: 1962 இதழ், 2000இல் தொடங்கிக் கதையை முதலிலிருந்து திரும்பச் சொன்ன 'அல்டிமேட்' காமிக்ஸ் வரிசை, 2002 திரைப்படம். சிலந்தி என்ன சிலந்தி, வலை எங்கிருந்து வருகிறது, திருடனை ஏன் விட்டான், பெரியப்பா எங்கே இறந்தார் என்று ஒவ்வொன்றையும் பார்த்து நிரப்புங்கள், நினைவிலிருந்து வேண்டாம். 1962இல் அறிவியல் காட்சிக்கூடத்தில் கதிர்வீச்சு பட்ட சிலந்தி, 2002இல் மரபணு மாற்றிய சிலந்தி. 1962இல் மணிக்கட்டில் கட்டிய, பீட்டரே செய்த கருவி. 2002இல் வலை உடம்பிலிருந்தே வருகிறது. அந்தந்தக் காலம் எதைக் கண்டு மலைத்தது, பயந்தது என்பதும் இந்த வித்தியாசத்தில் தெரிந்துவிடும்.

அட்டைத் தேதி

ஆகஸ்ட் 1962 என்பது அட்டையில் அச்சான மாதம். இதழ் கடைக்கு வந்தது அதற்கும் முன்பு. 'அட்டைத் தேதி' என்றே எழுதுங்கள்.

"மூடப்போகும் இதழில் தூக்கிப் போட்ட கதை"

ஸ்டான் லீ பலமுறை சொன்ன கதை இது. பதிப்பாளர் மார்ட்டின் குட்மேனுக்குச் சிலந்தி பிடிக்கவில்லை, எப்படியும் நிற்கப்போகும் இதழ்தானே என்று அதில் போட்டேன் என்பார். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அந்த 15ஆம் இதழிலேயே வாசகர் பக்கத்தில், ஸ்பைடர்மேன் இனி மாதந்தோறும் வருவான் என்ற அறிவிப்பு இருக்கிறது. நிறுத்தப்போவது அப்போதே முடிவாகியிருந்தால் இதை ஏன் அச்சிடுவார்கள்? இதழ் அதோடு நின்றது உண்மை. 1963 மார்ச் அட்டைத் தேதியோடு 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' தனி இதழாக வந்ததும் உண்மை. நடுவில் உள்ளதை 'லீ சொன்னபடி' என்று எழுதினால் போதும்.

என்றைக்கும் பள்ளிக்கூடப் பையன் என்று நினைப்பது

மூல காமிக்ஸில் பீட்டர் பள்ளிப் படிப்பை 28ஆவது இதழிலேயே, 1965இல், முடித்துவிட்டான். பள்ளிப் பருவம் மூன்று வருடம்தான். 31ஆவது இதழில் கல்லூரி. 38ஆவது இதழோடு டிட்கோ விலக, 39இலிருந்து ஜான் ரொமிட்டா வந்தார். காதல் காமிக்ஸ் வரைந்து கைதேர்ந்தவர் அவர். அவர் கையில் ஒடிசலான பையன் பார்க்க லட்சணமான இளைஞனானான், சுற்றிலும் நண்பர்கள் சேர்ந்தார்கள். 1971இல் போதைப்பொருள் பற்றிய மூன்று இதழ்கள், தணிக்கை முத்திரை இல்லாமலே வெளிவந்தன. 1973இல், 121ஆம் இதழில், காதலி குவென் ஸ்டேசி செத்துப்போகிறாள். 1987இல் மேரி ஜேனோடு கல்யாணமே ஆகிவிட்டது.

பின் ஏன் நம் மனத்தில் அவன் பையனாகவே இருக்கிறான்? கதையைத் திரும்பச் சொல்லும்போதெல்லாம் பள்ளிக்கூட வாசலிலிருந்து தொடங்குவதால். 2000இன் அல்டிமேட் வரிசை அப்படி, திரைப்படங்களும் பெரும்பாலும் அப்படி. வளர்ந்துபோன பீட்டரும் வளராத பீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பீட்டரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று பத்திக்குப் பத்தி சொல்லிவிடுங்கள்.

ஸ்பைடரும் ஸ்பைடர்மேனும்

தமிழில் வந்த லயன் காமிக்ஸில் நாம் படித்த ஸ்பைடர் வேறு ஆள். பிரிட்டிஷ் வார இதழில் 1965இல் பிறந்தவர், பதின்வயதும் அல்ல.

மைல்ஸ் மொராலெஸை ஒரு வரியில் தாண்டுவது

'பீட்டருக்குப் பதிலாக வந்த கறுப்பினப் பையன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 2011இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ஓவியர் சாரா பிச்செல்லியும் உருவாக்கிய மைல்ஸ் புரூக்ளின்காரன். அப்பா ஆப்பிரிக்க அமெரிக்கர், அம்மா போர்ட்டோ ரிக்கோ வழியினர். அல்டிமேட் உலகத்துப் பீட்டர் இறந்த பிறகு முகமூடியை எடுத்துக்கொள்கிறான். சக்தி அதற்கு முன்பே வந்திருந்தது. முன்னாலேயே போயிருந்தால் பீட்டரைக் காப்பாற்றியிருக்கலாமே என்ற உறுத்தல் அவனைத் தின்கிறது.

இவனுக்கும் அப்பாவோடு பிறந்தவர் ஒருவர் இருக்கிறார், ஆரன் டேவிஸ். அவர் திருடர். மைல்ஸைக் கடித்த சிலந்தி, அவர் திருடப்போன இடத்திலிருந்து அவருடைய பையில் ஏறி வந்தது. பெரியப்பாவும் திருடனும் வேறு வேறு ஆட்களாக இருந்த 11 பக்கக் கதையை, ஐம்பது வருடம் கழித்து ஒரே ஆளாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். மூன்று கட்டுரைகளில் ஒன்றை அனுப்பிய தம்பிக்கு, இந்த இடத்திலிருந்து தொடங்கித் திரும்ப எழுதிப் பார் என்று குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறேன். கூடவே அந்த 11 பக்கங்கள் உள்ள மறுபதிப்பையும்.