அம்பாசடரில் புது இன்ஜின்: எங்கெல்லாம் சறுக்குகிறது

பழைய அம்பாசடரை ஏசி, பவர் ஸ்டீயரிங், நல்ல இழுவையோடு ஓடவைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இன்ஜின். பிரேக்கைப் பற்றி யோசிப்பது கடைசியில். பாதியில் நின்றுபோய் ஷெட்டிலேயே தூசி படியும் வண்டிகளில் பல இந்த வரிசையில் தொடங்கியவைதான். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் தந்த சுமார் 50 குதிரைத்திறனுக்கு அளவெடுத்துத்தான் அந்த வண்டியின் டிரம் பிரேக், ரேடியேட்டர், டைனமோ எல்லாம் வைக்கப்பட்டன. இன்ஜினை மட்டும் ஏற்றினால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிரிக்கும்.

அதற்கும் முன்னால் பாடி. மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் III வழியாக வந்த இந்தக் காருக்கு லாரி மாதிரித் தனிச் சேஸிஸ் கிடையாது, தகடுதான் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, முன் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக முறுக்கிக்கொள்ளும் டார்ஷன் பார் கம்பியின் பின்முனை பிடிக்கும் குறுக்குச் சட்டம், பின் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) முன் மவுண்ட், டிக்கி தரை ஆகிய நான்கையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அது பட்டி (பெயின்ட்டுக்கு முன் பூசும் களிம்பு) வைத்து மூடும் வேலை அல்ல. துருவை வெட்டி எடுத்துவிட்டு, பழைய தகட்டின் தடிமனுக்குக் குறையாத புதுத் தகட்டை வெல்டு செய்ய வேண்டும். இங்கே டிங்கரிங்கில் அடிக்கடி நடக்கும் தவறு, கதவுகளைக் கழற்றிவிட்டுக் கீழ்ப்பெட்டியை அப்படியே வெட்டுவது. வண்டி நடுவில் தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் சரியாகச் சாத்தாது. வெட்டும் முன் கதவு இடைவெளியில் குறுக்காக ஒரு கம்பியை வெல்டு செய்து நிறுத்துங்கள். ஒரு பக்கம் முடித்து, கதவை மாட்டி இடைவெளி பார்த்த பிறகே மறு பக்கம். பட்டி என்பது 2, 3 மி.மீ.க்குள் மேடுபள்ளம் சரிசெய்ய மட்டும்.

அடுத்தது பிரேக். முன்னால் டிஸ்க் மாட்டிவிட்டுப் பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரையே விட்டுவைக்கிறார்கள். இதில் இரண்டு கோளாறு. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரின் பிஸ்டன் கேட்கும் ஆயில் அளவு அதிகம், அதனால் பெடல் தரைவரை போகும். டிரம்முக்கான சிலிண்டரில் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருந்தால், அது டிஸ்க் பேடை விடாமல் உரசவைக்கும். பத்து கிலோமீட்டர் ஓடியதும் முன் சக்கரம் சுட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மாஸ்டர் சிலிண்டர் காலிபரை விடத் தாழ்வாக இருந்தால் மட்டும் டிஸ்க் லைனுக்கு 2 பிஎஸ்ஐ வால்வு வேண்டும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போடுவது உத்தமம். பழைய ஒற்றைச் சுற்றில் ஒரு ஹோஸ் பிய்ந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை.

டீசல் இன்ஜின் ஏற்றுகிறவர்கள் மறப்பது வாக்குவம். பெட்ரோல் இன்ஜினின் மேனிஃபோல்டு தரும் உறிஞ்சல் டீசலில் கிடைக்காது. ஆல்டர்னேட்டர் பின்னாலோ வேறு இடத்திலோ வாக்குவம் பம்ப் இல்லையென்றால், அந்த உறிஞ்சலில் பெடலுக்கு உதவும் பிரேக் பூஸ்டர் வெறும் அலங்காரப் பெட்டி.

இன்ஜின் தேர்வில் நமக்குச் சந்தேகமே இல்லை: தொழிற்சாலையே இந்தப் பாடியில் பொருத்திய இசூசு 1817 சிசி பெட்ரோலும் அதன் ஐந்து கியர் பாக்ஸும்தான் தலைவலி குறைந்த வழி. மவுண்ட், இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங், கியர் லீவர் எல்லாம் ஏற்கெனவே தீர்த்துவைத்த கணக்கு. முன்சக்கர இழுவைக் காரின் குறுக்கு இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறதே என்று தூக்கிவந்தால், பின்சக்கர இழுவையான அம்பாசடருக்கு நீளவாட்டு கியர் பாக்ஸ் தேடியே பணம் கரையும். எதுவானாலும் வாங்கும் முன் ஆர்டிஓ அலுவலகம் போய்வாருங்கள். ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஒப்புதல் இல்லாத மாற்றம் இருந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும். 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு விதி 50 வயது தாண்டிய, பாடியிலும் இன்ஜினிலும் பெரிதாகக் கைவைக்காத வண்டிக்கு மட்டுமே. புது இன்ஜினும் வின்டேஜ் பதிவும் இரண்டும் வேண்டும் என்றால் நடக்காது.

கியர் கணக்கைப் பேப்பரில் போடாமல் இன்ஜின் வாங்காதீர்கள். பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றி, கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினால் பின் அச்சின் கிரவுன் விகிதம் தெரியும். நான்கரை வந்தது, டயர் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கி.மீ.யில் சக்கரம் நிமிடத்துக்கு 667 சுற்று. நேர் (1:1) டாப் கியரில் இன்ஜின் 3000. பெட்ரோலுக்கு இது பரவாயில்லை. 4000-இல் மூச்சுத் திணறும் பழைய டீசலுக்கு நெடுஞ்சாலையில் நாள் முழுக்க இந்த வேகம் இரைச்சல்தான். 0.85 விகித ஐந்தாவது கியர் இருந்தால் அதுவே 2550-க்கு இறங்கும்.

மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் தரை அதிர்ந்தால் ஷாஃப்ட்டை மட்டும் பாலன்ஸ் செய்து பயனில்லை. கியர் பாக்ஸ் வாலும் பின் அச்சின் பினியன் மூக்கும் இணையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கிராஸ் ஜாயிண்ட்டிலும் 1 முதல் 3 டிகிரி சாய்வு போதும். இதை வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போது அளக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போது அல்ல.

சூடு விஷயத்தில் நம்மூர்ப் பழக்கம் ஒன்று உண்டு: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் இதைச் செய்தால் இன்ஜின் குளிர்ந்தே இருப்பதாக இசிஎம் (இன்ஜினை நடத்தும் கணினி) நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், மைலேஜ் போச்சு. ஏசி கண்டென்சர் முன்னால் வந்து காற்றை மறைப்பதால், ரேடியேட்டருக்குப் பின்னால் முழுப் பரப்பையும் மூடும் ஷ்ரவுடு என்ற கூட்டுடன் இழுக்கும் ஃபேன் வேண்டும். ஷ்ரவுடு இல்லாத ஃபேன் தன் வட்டத்தை மட்டுமே குளிர்விக்கும். ஈயம் பற்றவைத்த பழைய பித்தளை ரேடியேட்டரில் புதுக்கார்களின் 13, 15 பிஎஸ்ஐ மூடியைப் போட்டால் பற்று விட்டுவிடும்.

கரண்டைக் கூட்டிப் பாருங்கள்: ஏசி புளோவர் 15 ஆம்பியர், கண்டென்சர் ஃபேன் 15, ஹெட்லைட் 10, பெட்ரோல் பம்ப் 6, வைப்பர் 4. ஐம்பது ஆகிவிட்டது, இருபது சொச்சம் தரும் டைனமோ எங்கே தாங்கும்? 65 ஆம்பியருக்குக் குறையாத ஆல்டர்னேட்டர் போடும்போது டேஷ்போர்டில் உள்ள ஆம்மீட்டரை வழியிலிருந்து விலக்கிவிடுங்கள், மொத்தக் கரண்டும் அதற்குள் போனால் ஒயர் உருகும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 16 ச.மி.மீ. கேபிள், பேட்டரி அருகிலேயே ஃபியூஸ். புது ரப்பர் மவுண்ட்டில் இன்ஜின் மிதப்பதால், இன்ஜினிலிருந்து பாடிக்கு எர்த் பட்டை கட்டாயம். அது இல்லாத வண்டியில் ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியே திரும்பி, அது சிவந்து எரியும். பார்ப்பவர்கள் கேபிளைக் குறை சொல்வார்கள்.

இன்ஜெக்‌ஷன் லைன் 3 பார் அளவில் ஓடுகிறது. கார்புரேட்டர் காலத்து ரப்பர் குழாயை அங்கே விடவே கூடாது. பங்க்கில் இப்போது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் வருவதால், கார்புரேட்டரையே வைத்திருந்தாலும் பழைய ரப்பர்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள்.

வேறு காரின் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் தண்டுத் தொகுதியைப் பொருத்தும்போது வேக சிக்னல் கொடுக்காமல் விடுவது சகஜம். அது ஒரே அளவு உதவியில் நின்றுவிடும். பார்க்கிங்கில் சுகம், நெடுஞ்சாலையில் கை தளர்வு. ஸ்டீயரிங் ஷாஃப்ட்டைச் சும்மா வெட்டி ஒட்ட வேண்டாம், இரு முனைக்கும் பொருந்தும் ஸ்ப்லைன் ஜாயிண்ட் வாங்குங்கள். சீட் பெல்ட்டை வெறும் தகட்டில் போல்ட் அடிப்பதும் இதே ரகம். பின்னால் 3 மி.மீ. பிளேட் இல்லையென்றால் விபத்தில் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும்.

சத்தம் குறைக்கும் ஷீட்டைத் தரை முழுக்க ஒட்டத் தேவையில்லை. தட்டினால் கணீரென்று ஒலிக்கும் இடங்களில் கால்வாசிப் பரப்பு போதும். தார் ஷீட் வெயிலில் நாறும், பியூட்டைல் வாங்குங்கள். தரையின் வடிகால் ஓட்டைகளை மூடினால் மழைநீர் உள்ளேயே நின்று, போட்ட புதுத் தகட்டையும் தின்றுவிடும்.

எல்லாம் முடிந்து 500 கி.மீ. ஓடியதும் பின் பட்டையின் யூ போல்ட், இன்ஜின் மவுண்ட், ஷாஃப்ட் ஃபிளாஞ்ச், காலிபர் போல்ட் நான்கையும் டார்க் ரெஞ்சில் மறுபடி இறுக்குங்கள். யூ போல்ட் நிச்சயம் கால் சுற்றாவது வாங்கும்.