கடலூரிலிருந்து மதுரை வரை: மைலேஜைத் தின்னும் தவறுகள்

போன ஆடியில் குடும்பத்தோடு மதுரைக்குப் போனோம். வடலூர், நெய்வேலி, விருத்தாசலம் தாண்டி வேப்பூரில் திருச்சி சாலையில் ஏறுகிற வழக்கமான வழிதான். போகும்போது வண்டியை ஓட்டியது மச்சான், திரும்பும்போது நான். அதே கார், அதே நான்கு பேர், அதே பைகள். போகும்போது லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்த வண்டி, வரும்போது 18.5 கொடுத்தது. மச்சான் பங்க்கைத்தான் சந்தேகப்பட்டார். நான் சந்தேகப்பட்டது காற்றையும், ஆக்சிலரேட்டரை மிதித்த காலையும்.

முதலில் காற்று. நெடுஞ்சாலையில் எஞ்சின் செய்யும் வேலையில் பெரும்பகுதி எதிரே நிற்கும் காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. இந்த எதிர்ப்பு வேகத்துக்கு ஏற்ப நேராகக் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 80-இல் போகிறவர் 100-க்கு ஏறினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்றின் எதிர்ப்போ 56 சதவீதம் கூடிவிடுகிறது. வேப்பூரிலிருந்து திருச்சி ஏறக்குறைய 100 கி.மீ. 80-இல் போனால் ஒன்றேகால் மணி நேரம், 100-இல் போனால் ஒரு மணி நேரம். மிச்சமாவது 15 நிமிடம். வழியில் ஒரு டீக்கு நிறுத்தினாலே அது கரைந்துவிடும். ஆனால் அதற்காக எரித்த பெட்ரோல் திரும்பி வராது.

அப்புறம், ஆடிக் காற்று. நாம் தென்மேற்கே போகும்போது அது மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் முகத்தில் அடிக்கிறது. மணிக்கு 30 கி.மீ. எதிர்காற்றில் 80-இல் போகிற வண்டிக்கு, காற்றைப் பொறுத்தவரை 110-இல் போவது போலத்தான். மச்சான் 100-ஐத் தொட்டுக்கொண்டே போனார், அதுவும் எதிர்காற்றில். திரும்பும்போது அதே காற்று எனக்கு முதுகில். ஆகவே அந்த 3.5 கி.மீ. வித்தியாசம் முழுவதும் என் திறமை இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். எதிர்காற்று பலமாக இருக்கிற நாளில் வேகத்தைப் பத்து குறைத்துக்கொண்டால், மற்ற நாளைவிட அதிகம் மிச்சமாகும்.

இரண்டாவது தவறு இன்னும் பரவலானது, பிரேக்கைச் செலவாக நினைக்காதது. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் வழியாகச் சென்னை போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாருங்கள். ஊருக்கு ஊர் பேரிகார்டு, வேகத்தடை. ஒருவர் ஊரைத் தாண்டியதும் 100 வரை மிதிப்பார், அடுத்த பேரிகார்டு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் மிதித்துக்கொண்டே வருவார், கடைசி ஐம்பது மீட்டரில் பிரேக்கை அழுத்துவார். அத்தனை வேகத்தையும் வாங்கிக் கொடுத்தது பெட்ரோல். பிரேக் அதைச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. வேகம் இரட்டிப்பானால் வண்டியில் சேர்ந்திருக்கும் ஆற்றல் நாலு மடங்காகும். ஒவ்வொரு பேரிகார்டிலும் தூக்கி எறிவது அதைத்தான்.

மரக்காணம் உப்பளங்களின் ஓரத்தில் சாலை நெடுந்தூரம் திறந்து கிடக்கிறது. முன்னால் லாரி வேகம் குறைப்பது அரை கிலோமீட்டர் முன்பே தெரியும். தெரிந்த உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், வண்டி கியரிலேயே உருளட்டும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டாலும் போதும் என்பேன்.

கியரிலேயே என்று சொன்னது காரணத்தோடுதான். மேம்பாலம் இறங்கும்போது நியூட்ரலுக்குத் தட்டுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினில், கியரில் வைத்து காலை எடுத்தால் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்துக்கு மேலே எரிபொருள் பாய்வது முழுவதுமாக நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் தன்னை ஓட வைத்துக்கொள்ளவே பெட்ரோல் குடிக்க வேண்டும், எஞ்சினே வண்டியை இழுத்து வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக்கும் உங்களுக்குக் கிடைக்காது. இறக்கத்தில் சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பிரேக்குக்கான உதவி விசை இரண்டு மூன்று அழுத்தலில் தீர்ந்துவிடும், ஸ்டீயரிங் இறுகிவிடும். அதில் மிச்சமாகும் சொட்டுக்கு உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

டயர் காற்றில் நடக்கும் தவறு வேறு மாதிரி. காற்று அடிக்கவே மறப்பவர்கள் ஒரு பக்கம். அக்கறையோடு அடித்துக் கெடுப்பவர்கள் இன்னொரு பக்கம். கடலூரில் கிளம்பி, விருத்தாசலம் தாண்டி ஏதாவது பங்க்கில் நிறுத்தி, "எல்லாத்திலும் 33 வைங்க" என்பார்கள் (psi அளவில் காற்றழுத்தம்). அதற்குள் டயர் சூடாகி, காலையில் 33 இருந்தது 36, 37 காட்டும். மிஷின் அதைக் கூடுதல் என்று எடுத்துக்கொண்டு காற்றை இறக்கிவிடும். மறுநாள் காலை டயர் ஆறியதும் பார்த்தால் 30-க்கு வந்திருக்கும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, அந்த நசுங்கலுக்கும் பெட்ரோல்தான் செலவு. சூடும் ஏறுகிறது, சித்திரை வெயிலில் டயர் வெடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் காற்று பார்ப்பது விடியற்காலையில், வீட்டுக்குப் பக்கத்துப் பங்க்கில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன். எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. அதில் பல வண்டிகளுக்கு இரண்டு வரிசை இருக்கும்: ஒன்று ஓரிருவர் போகும்போது, மற்றொன்று ஆளும் சாமானும் நிறைந்திருக்கும்போது. ஊருக்குப் போகும் நாளில் இரண்டாவது வரிசைதான் நமக்கு. அதற்கு மேலே ஐந்தாறு கூட்டி அடித்தால் மைலேஜ் கூடும் என்று சிலர் சொல்வார்கள். மழையில் பிடிப்பு போய்விடும், டயரின் நடுப்பகுதியும் சீக்கிரம் தேயும்.

கூரை மேல் கேரியர் பற்றி ஒரு வார்த்தை. பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கி மேலே கட்டிக்கொண்டு போகிறவர்கள் நம் பக்கம் நிறைய. எடையைவிட அதன் உருவம்தான் தொல்லை. காற்றில் நிற்கும் மூட்டை நெடுஞ்சாலை வேகத்தில் பத்து சதவீதத்துக்கு மேல்கூட எரிபொருளைக் கூட்டும். முடிந்தவரை டிக்கியில் வையுங்கள். சபரிமலை போய் வந்த கேரியரைத் தை மாதம் ஆகியும் கழற்றாமல் ஓட்டுவது வெறும் நஷ்டம்.

ஏசியா ஜன்னலா என்ற கேள்விக்கு நெடுஞ்சாலையில் ஏசி என்பேன். திறந்த ஜன்னலில் புகும் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது, வித்தியாசமும் பெரிதில்லை, வெயிலில் களைத்துப்போய் ஓட்டுவது ஆபத்து. வெயிலில் நின்ற வண்டியென்றால் மட்டும் முதல் இரண்டு நிமிடம் ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடுங்கள்.

இனி முள்ளோடை, கடலூருக்கு வடக்கே புதுச்சேரி எல்லையில் இருக்கிற ஊர். புதுச்சேரியில் வரி குறைவு, பெட்ரோலும் தமிழ்நாட்டைவிட விலை குறைவு. அதனால் கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டிப் போய் நிரப்பிக்கொண்டு வருவது காலங்காலமாக நடக்கிறது. சென்னைக்குப் புதுச்சேரி வழியாகப் போகிறவர் யோசிக்காமல் நிரப்பலாம். ஆனால் கடலூர் முதுநகரில் இருந்துகொண்டு, தெற்கே சிதம்பரம் பக்கம் போகவேண்டியவர், இதற்கென்று வடக்கே போய்த் திரும்பினால்? லிட்டருக்கு 5 ரூபாய் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். 30 லிட்டருக்கு 150 ரூபாய். போக வர 20 கி.மீ. என்றால், 16 மைலேஜில் ஒன்றேகால் லிட்டர் செலவு, நூறு ரூபாய்க்கு மேல். மிச்சம் ஒரு டிபன் காசுகூடத் தேறாது, முக்கால் மணி நேரமும் போயிற்று.

அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடும் என்பதும் தவறு. ஆக்டேன் எண், பெட்ரோல் தானாகவே தீப்பற்றி எஞ்சினில் தட்டல் சத்தம் வராமல் தாங்கும் திறனைக் காட்டுவது, சக்தியை அல்ல. உங்கள் வண்டிக் கையேடு கேட்காதவரை அந்தக் கூடுதல் பணம் வீண். எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் சற்றுக் குறைவது மட்டும் உண்மை. எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. டேங்கில் ஊற்றும் எந்த பாட்டில் மருந்தும் அதை ஈடுகட்டாது.

கடைசியாக, அளக்கும் முறை. டாஷ்போர்டில் காட்டும் எண்ணைப் பல வண்டிகளில் அப்படியே நம்ப முடியாது, கொஞ்சம் கூட்டியே காட்டும். ஃபுல் டேங்க் போட்டு, பங்க் குழாயின் பிடி தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். "ரவுண்டு பண்ணிடுங்க" என்று மேலும் மேலும் நிரப்பினால் கணக்கும் தப்பும், டேங்கின் ஆவியைப் பிடிக்கும் பாகமும் கெடும். டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, முடிந்தால் அதே பங்க்கில் மறுபடி ஃபுல் செய்யுங்கள். 412 கி.மீ. ஓடி 23.4 லிட்டர் பிடித்தால் 17.6. எண்ணோடு சேர்த்து எத்தனை பேர், என்ன வேகம், காற்று எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மச்சானும் இப்போது டாஷ்போர்டு அறையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார். அதில் கடைசி வரி: "திருச்சி, 3 பேர், 85, எதிர்காற்று இல்லை, 17.9."