ஃபேக்டரியில் நிலக்கரிக் குவியல் தானாகப் பற்றாமல் இருக்க

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை டிரையருக்கு நிலக்கரி இறக்குகிறீர்களா? நிலக்கரி பற்ற நெருப்பே வேண்டாம். ஆக்சிஜனை இழுத்து உள்ளுக்குள்ளேயே சூடேறும். ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரிச் சுரங்கங்களில் 1916இல் கண்டறியப்பட்ட தீ இன்னும் அடங்கவில்லை.

அதனால் குவியலை 2 மீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள், பழைய கரிமேல் புதியதைக் கொட்டாதீர்கள். நம் மலையில் மழையும் வெயிலும் மாறிமாறி அடிப்பது கரிக்கு ஆகவே ஆகாது, கூரை கட்டாயம் வேண்டும்.

தினமும் காலையில் ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே குத்தி, 10 நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தாலோ, மண்ணெண்ணெய் மாதிரி வாடை வந்தாலோ, மேலே பனிமூட்டம் போல ஆவி எழுந்தாலோ உடனே அந்த இடத்தைத் தோண்டி, கரியை வெளியே மெல்லிசாகப் பரப்பி ஆறவிடுங்கள். தகிக்கும் குவியலில் தண்ணீரைப் பீய்ச்சினால் எரியும் வாயு கிளம்பும், தயவுசெய்து வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள் தனியாகப் போகவும் கூடாது, சூடேறும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.

அப்புறம் கரித்தூள். காற்றில் பறக்கும்போது நெருப்புப் பொறி பட்டால் வெடிக்கும், நனைத்துக் கூட்டுங்கள். சுற்றிலும் வாய்க்கால் வெட்டுங்கள், கறுப்புத் தண்ணீர் குழியில் தெளிந்த பிறகே வெளியேறட்டும். கீழே ஓடையை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன.