பிச்சாவரம் போறீங்களா, துடுப்பு படகே எடுங்க

கடலூர்ல இருந்து காலைல கெளம்பி சாயங்காலத்துக்குள்ள திரும்பிடலாம்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது பிச்சாவரம் அலையாத்திக் காடுதான், சிதம்பரம் போய் கிள்ளை வழியா போகணும், பாண்டிச்சேரிக்காரங்க இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடியே கெளம்பிடுங்க.

ஒண்ணே ஒண்ணு சொல்றேன், மோட்டார் படகுக்கு போகாதீங்க. அது அகலமான வாய்க்கால்லதான் போகும், துடுப்பு படகுதான் மரங்களுக்கு நடுவுல இருக்கற சந்துக்குள்ள நுழையும், அங்கதான் சுரபுன்னை மரத்தோட வேர் மேல இருந்து வில்லு மாதிரி வளைஞ்சு தண்ணிக்குள்ள இறங்கியிருக்கறத கிட்டத்துல பாக்கலாம். சத்தமும் இல்ல, கொக்கு நாரை பயந்து பறக்காது.

அப்புறம் வெண்கண்டல் மரத்தோட இலை கைக்கு எட்டுச்சுன்னா விரலால தடவிட்டு நாக்குல வச்சு பாக்க சொல்லுங்க பிள்ளைங்கள, உப்பு கரிக்கும்! வேர்ல ஏறுற உப்ப அந்த மரம் இலை வழியா வெளிய தள்ளுது, எங்க வீட்டு சின்னவன் அத மூணு நாளா சொல்லிக்கிட்டே இருந்தான். ஆனா போட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுதான் இலைய தொடணும், ஏன்னா தில்லை மரமும் அங்கயே இருக்கு, அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேர் வந்ததே அந்த மரத்தாலதான்.

காலைல சீக்கிரம் போங்க, வெயில் ஏறினா போட்டுல நிழல் கெடையாது, தொப்பி, தண்ணி பாட்டில் கட்டாயம். லைஃப் ஜாக்கெட்ட கழட்டாதீங்க. காலி கவர், பாட்டில் எதையும் தண்ணில போட்டுடாதீங்க, வேர்ல மாட்டுனா யாராலயும் எடுக்க முடியாதுங்க.